மூன்று பேரையும் எடுத்துக்கொள்ளுங்கள், மாப்பிள்ளை

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமியார் எழுதும் கடிதம். இங்கே நான் சுகம். என் டிரைவிங் ஸ்கூலின் பயிற்சி வண்டிகள் இரண்டும் சுகம், நீல வண்டிக்கு மட்டும் முன்பக்க பம்பர் இல்லை, அதைப் பற்றிப் பின்னால் எழுதுகிறேன். அங்கே நீங்களும் என் மகளும் சுகமா என்று கேட்பதுதான் முறை. ஆனால் சனிக்கிழமை நீங்கள் பயிற்சி கொடுக்கும் கால்பந்து அணி ஆடிய ஆட்டத்தை டிவியில் முதலிலிருந்து கடைசி வரை பார்த்துவிட்டேன். ஆகையால் அந்தக் கேள்வியைக் கேட்டு உங்கள் மனதைப் புண்படுத்த விரும்பவில்லை.

போன் செய்யாமல் ஏன் கடிதம் என்று நினைப்பீர்கள். போன் செய்தால் என் மகள்தான் எடுக்கிறாள். "அம்மா, அவர் மீட்டிங்ல இருக்காரு" என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்ன மீட்டிங்? பின்னால் நீங்கள் தும்முகிற சத்தம் கேட்கிறது. உங்கள் தும்மல் எனக்குத் தெரியாதா? கல்யாணத்தன்று அந்தத் தும்மலுக்குப் பயந்து போட்டோகிராபர் கேமராவையே கீழே போட்டார். "வேற என்ன வேணா பேசுங்கம்மா, பந்து பத்தி மட்டும் அவர்கிட்ட எடுக்காதீங்க. சாப்பாடே இறங்க மாட்டேங்குது அவருக்கு" என்று என் மகள் மெதுவாகச் சொல்கிறாள். சொல்லும்போதே அவள் குரல் கம்முகிறது. அவள் குரல் கம்மினால் நான் சும்மா இருக்க மாட்டேன் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். அதனால்தான் கடிதம். கடிதத்திடம் யாரும் மீட்டிங் என்று சொல்லித் திருப்பி அனுப்ப முடியாது.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கோல்கீப்பருக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்துவிட்டது. அவருக்குப் பதிலாக நிற்கும் பையன் மிகவும் மரியாதை தெரிந்தவன், பந்து வந்தால் ஒதுங்கி வழிவிடுகிறான். சாலையில் என்றால் கைதட்டுவேன். நீங்களோ, ஆள் எடுக்கும் காலம் முடிந்துவிட்டது, இருப்பவர்களை வைத்துத்தான் ஓட்ட வேண்டும் என்று பத்திரிகைக்காரர்களிடம் சொல்லியிருக்கிறீர்கள். எந்த அணியிலும் இல்லாதவர்களை எந்த மாதத்திலும் எடுக்கலாமே மாப்பிள்ளை! இது மாமியாருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்பீர்கள். அப்படிப்பட்டவர்கள் மூன்று பேர் என்னிடம் வண்டி ஓட்டக் கற்றுக்கொள்கிறார்கள்.

முதலில் வந்தவர் ஒரு கோல்கீப்பர். என் அலுவலகம் நீங்கள் பார்த்ததுதான், சாவி செய்யும் கடைக்கும் மருந்துக்கடைக்கும் நடுவில் ஒரே அறை, சுவர் முழுக்கச் சாலைக் குறிகள். அவர் உள்ளே வரும்போது குனிந்து வந்தார், வெளியே போகும்போது குனிய மறந்தார். நெற்றியைத் தடவிக்கொண்டு, "பழக்கம்தான் மேடம்" என்றார். எந்த டீம் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் "திரும்பக் கூடாது" என்ற குறியையே பார்த்துக்கொண்டு நின்றார். "இப்போ எந்த டீமும் இல்ல மேடம். ஃப்ரீ ஏஜென்ட்" என்றார். எனக்கு என்ன தெரியும், கமிஷன் வாங்காத வீட்டுத் தரகர் என்று நினைத்துக்கொண்டு, "அப்படின்னா என் தங்கச்சிக்கு ரெண்டு ரூம் வீடு ஒண்ணு பாத்துக் கொடுங்களேன்" என்று கேட்டுவிட்டேன். பாவம், அவர் சிரிக்கக்கூட இல்லை. ஒப்பந்தம் முடிந்து எந்த அணிக்கும் கட்டுப்படாமல் இருப்பவருக்கு அப்படிப் பெயராம். "யார் வேணா கூப்பிடலாம் மேடம்," என்றவர் நெற்றியை மறுபடி தடவிக்கொண்டு, "யாரும் கூப்பிடல" என்றார்.

முதல் நாள் பாடத்திலேயே எனக்கு இரத்தக் கொதிப்பு ஏறிவிட்டது. எங்களுக்கு முன்னால் பார்சல் கொண்டுபோகும் ஸ்கூட்டர் ஒன்று போய்க்கொண்டிருந்தது. மேட்டில் குலுங்கியதும் பின்னாலிருந்த பெட்டி ஒன்று எகிறி எங்கள் பக்கம் பறந்து வந்தது. இந்த மனிதர் ஸ்டியரிங்கை அம்போ என்று விட்டுவிட்டு, இடுப்பு வரை ஜன்னலுக்கு வெளியே போய், இரண்டு கையாலும் அதைப் பிடித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். நான் என் பக்கத்து பிரேக்கில் ஏறி நின்றேன், வண்டி நடைபாதையில் ஏறி நின்றது. "என்னங்க இது!" என்று கத்தினேன். "சாரி மேடம், கை தானா போயிடுச்சு." பெட்டிக்குள் பன்னிரண்டு கண்ணாடித் தம்ளர், ஒன்றில்கூடக் கீறல் இல்லை. அன்றைக்கே எனக்கு ஒன்று புரிந்தது. இவருக்கு ஓட்ட வராது, ஆனால் பிடிக்க வரும்.

கொஞ்சம் பழகிய பிறகு அவரே தன் கதையைச் சொன்னார். ரசிகர்கள் ஒரு காலத்தில் அவரை "பூட்டு" என்று கூப்பிட்டார்களாம். போன வருடம் கடைசி ஆட்டத்தில் ஒரு பந்து, நடுவழியில் நாலு பேரிடம் வழி கேட்டுவிட்டு வந்ததுபோல் அவ்வளவு மெதுவாக உருண்டு வந்து, இரண்டு காலுக்கும் நடுவே உள்ளே போய்விட்டது. ஊரெல்லாம் அந்த வீடியோவைப் பார்த்துச் சிரித்தது. பூட்டு என்ற பெயர் போய் "திறந்த வீடு" என்ற பெயர் வந்தது. "நீங்க எப்படியும் தேடிப் பாப்பீங்க மேடம், நானே காட்டிடறேன்" என்று தன் போனிலேயே அதை எனக்குப் போட்டுக் காட்டினார். நான் சிரிக்கவில்லை மாப்பிள்ளை. நான் அவரை இன்னும் பூட்டு என்றுதான் கூப்பிடுகிறேன். இப்போது அவர் மனைவி பல் மருத்துவமனையில் வரவேற்பில் உட்காருகிறார், இவர் சமைத்து, துணி மடித்து, குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, பூங்காவில் தனியாக சுவரில் பந்தை எறிந்து பிடிக்கிறார். லைசென்ஸ் கிடைத்தால் டெலிவரி வேனில் வேலை தயாராம். "ஆட்டத்தை அதோட மறந்துடலாம்னு பாக்கறேன்" என்றார். நான் ஒழுங்காகப் பாடம் நடத்தினால் ஒரு கோல்கீப்பரை ஒழித்துக்கட்டிய பாவம் எனக்கு வந்து சேரும்! என் வாழ்க்கையில் ஒரு மாணவருக்கு கியர் மாற்றுவதை இவ்வளவு நிதானமாக நான் சொல்லிக்கொடுத்ததே இல்லை.

அவரோடு ஒட்டிக்கொண்டு வந்தவர் சைரன். தடுப்பாட்டக்காரர், பூட்டோடு ஒரே அணியில் ஆடியவர், முப்பத்தைந்து வயது தாண்டிவிட்டதென்று அந்த அணி இவரையும் அனுப்பிவிட்டது. குரலால் வந்த பெயர். பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டு, "இடது பக்கம் சைக்கிள்! விடாத! பின்னாடி லாரி! நேரா பாரு, நேரா பாரு!" என்று கத்திக்கொண்டே வருவார். முதல் நாள் அவரை இறக்கிவிட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். பிறகு பார்த்தால், அவர் பின்னால் உட்கார்ந்த நாட்களில் வண்டியில் ஒரு சின்னக் கீறல்கூட விழவில்லை. உங்கள் தடுப்பாட்டக்காரர்கள் நாலு பேரையும் சனிக்கிழமை கவனித்தேன். லிஃப்டில் ஒன்றாக ஏறிய அந்நியர்கள் மாதிரி ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நிற்கிறார்கள். அவர்களுக்கு நடுவில் சைரனைக் கொண்டுபோய் நிறுத்துங்கள். அரங்கத்துக்கு வெளியே கார் நிறுத்துபவர்கள்கூட ஒழுங்காக நிறுத்துவார்கள்.

மூன்றாவது தும்பி. ஓரத்தில் ஓடி ஆடுகிறவன், இருபத்துமூன்று வயது, ஒல்லிப் பையன். இவன் இருந்த அணியையே இழுத்து மூடிவிட்டார்கள், அதனால் நடுத்தெருவில் நிற்கிறான். லைசென்ஸ் தேர்வில் பலமுறை தோற்றவன். காரணம், இவனுக்கு மெதுவாகப் போகத் தெரியாது. "ஆன்ட்டி, நடந்தா இதைவிட சீக்கிரம் போயிடுவேன்" என்பான். அது உண்மை என்று தேர்வு நாளன்று தெரிந்தது.

அந்த நாளைத்தான் நீங்கள் முக்கியமாகப் படிக்க வேண்டும். மூன்று பேருக்கும் அன்றைக்குத் தேர்வு. முதலில் தும்பி ஓட்டினான், பக்கத்தில் தேர்வு அதிகாரி, நானும் மற்ற இருவரும் நடைபாதையில் நின்றிருந்தோம். சரிவான தெருவின் உச்சியில் சக்கரத்துக்கு அடியில் ஏதோ நொறுங்கும் சத்தம். பிளாஸ்டிக் பாட்டில்தான். ஆனால் இந்தப் பையனுக்கு இளகின மனசு, "ஐயோ, ஏதோ அடிபட்டுடுச்சு!" என்று கதவைத் திறந்து இறங்கிக் குனிந்து பார்க்கிறான். கை பிரேக் போடவில்லை. வண்டி அதிகாரியைச் சுமந்துகொண்டு தானாகக் கிளம்பிவிட்டது. அவர் காலடியில் எனக்கென்று வைத்திருக்கும் பிரேக் இருக்கிறது, மிதித்தால் போதும். மனிதர் பயத்தில் இரண்டு காலையும் சீட்டின்மேல் தூக்கி வைத்துக்கொண்டார். தும்பி துரத்தினான். துரத்தின வேகத்தில் வண்டியைத் தாண்டிப் போய்விட்டான்! தாண்டினது தெரிந்து திரும்பி வந்து ஜன்னல் வழியாக உள்ளே பாய்ந்தான், இரண்டு கால் மட்டும் வெளியே தெரிந்தது. அதற்குள் சைரன், "ஓரமா போ! எல்லாரும் ஓரமா போ!" என்று ஒரு சத்தம் போட்டார் பாருங்கள், எதிரே வந்த பஸ் அப்படியே நின்றது, மாடி வீட்டில் ஒரு அம்மாள் ஜன்னலைச் சாத்திக்கொண்டார். தும்பி கை பிரேக்கை இழுத்துவிட்டான். வண்டி நின்றது. ஆனால் நிற்பதற்கு முன்னால் ரொட்டிக்கடை வாசலில் சாய்த்திருந்த ஏணியை முட்டிவிட்டது. ஏணி உச்சியில் பெயர்ப்பலகை எழுதிக்கொண்டிருந்த பெயிண்டர் அப்படியே காற்றில் வருகிறார். எங்கள் பூட்டு எங்கிருந்து பறந்தார் என்று எனக்குத் தெரியாது, அவரை அப்படியே வாரி அணைத்துக்கொண்டு தரையில் உருண்டார். பெயிண்டருக்குத் தொப்பிகூட நழுவவில்லை. பெயிண்ட் டப்பாவைப் பிடிக்கத்தான் ஆள் இல்லை. அதிகாரி சரியாக அந்த நேரம் பார்த்துக் கதவைத் திறந்து இறங்கினார்.

மூன்று பேரும் ஃபெயில். இரண்டு பேர் வண்டியில் ஏறவே இல்லை, இருந்தாலும் ஃபெயில். அதிகாரி மஞ்சள் நிறத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தார், பம்பர் தெருவில் கிடந்தது, நானோ சந்தோஷத்தில் நின்றுகொண்டிருந்தேன். பெயிண்டர் பூட்டின் கையைப் பிடித்துக்கொண்டு, "சார், நீங்க மட்டும் இல்லைன்னா..." என்றார். பூட்டின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. இந்த ஆள் வேன் ஓட்டக் கூடாது, அவ்வளவுதான் என்று அங்கேயே முடிவெடுத்தேன்.

ரொட்டிக்கடைக்காரரின் கேமராவில் எல்லாம் பதிவாகியிருந்தது. அதை உங்களுக்கு அனுப்பினேன். நீங்கள் பதிலுக்குக் கட்டைவிரல் படம் ஒன்று அனுப்பினீர்கள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். மாமியாருக்குக் கட்டைவிரல் காட்டுகிற மாப்பிள்ளை வேறு எந்த அர்த்தத்தில் காட்டியிருப்பார்? மறுநாளே மூன்று பேரையும் நீல வண்டியில் ஏற்றிக்கொண்டு உங்கள் பயிற்சி மைதானத்துக்கு வந்தேன்.

வாசலில் காவலாளி, "அப்பாயின்ட்மென்ட் இருக்காம்மா?" என்றார். "மாப்பிள்ளையைப் பாக்க மாமியாருக்கு என்னப்பா அப்பாயின்ட்மென்ட்?" என்றேன். அவர் மேலே போன் போட்டுப் பேசிவிட்டு, நீங்கள் வெளியூர் போயிருப்பதாகச் சொன்னார். அதே நேரம் இரண்டாம் மாடியில் ஒரு ஜன்னல் திரை அசைந்தது. காற்றாக இருக்கும் என்று என் மகளிடம் சொல்லிவைத்திருக்கிறேன். அந்தச் சமயம் பார்த்துச் சலவை வண்டி ஒன்று உள்ளே போனது, உங்கள் கேட்டோ மிக மெதுவாக மூடுகிற கேட். நானும் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போய்விட்டேன். ஓட்டுநர் பயிற்சி கொடுப்பவள் இப்படிச் செய்யலாமா என்று கேட்காதீர்கள். இன்டிகேட்டர் போட்டுத்தான் போனேன்.

மைதானத்தில் உங்கள் பையன்கள் பெனால்டி அடித்துப் பழகிக்கொண்டிருந்தார்கள். கோலில் ஆளே இல்லை, ஒரு பழைய போர்வையைத் தொங்கவிட்டிருந்தார்கள். கோல்கீப்பர்களுக்கான பயிற்சியாளர் பந்தின் மேல் உட்கார்ந்து அந்தப் போர்வையைச் சோகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பூட்டு அவரிடம் போய், "சார், நான் கொஞ்ச நேரம் நிக்கட்டுமா?" என்று கேட்டார். அவர் மேலும் கீழும் பார்த்தார், யாரென்று தெரிந்துகொண்டார், தன் கையுறையைக் கழற்றிக் கொடுத்தார்.

முதல் பந்தைத் தட்டிவிட்டார். அடுத்ததைப் பிடித்தார். அதற்கடுத்ததைக் காலால் தடுத்தார். நான் கைதட்ட ஆரம்பித்தேன். அப்போது உங்கள் பையன் ஒருவன் வேண்டுமென்றே மெதுவாக ஒரு பந்தை உருட்டினான் மாப்பிள்ளை. அது உருண்டு உருண்டு வந்து, அதே மாதிரி, இரண்டு காலுக்கும் நடுவே போய்விட்டது. "திறந்த வீடு! திறந்த வீடு!" என்று எல்லோரும் சிரித்தார்கள். பூட்டு அப்படியே தரையைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார். கையுறையைக் கழற்ற ஆரம்பித்தார். தும்பி சண்டைக்குப் போகக் கிளம்பினான், அவன் சட்டையை நான் பிடித்துக்கொண்டேன். சைரன் ஒரு சத்தம் போடுவார் என்று காத்திருந்தேன். அவர் நடந்து போய் கோலுக்குப் பின்னால் நின்று, எனக்கே சரியாகக் கேட்காத குரலில், "அது போயிடுச்சுடா. அடுத்தது வருது, பாரு" என்றார். அவ்வளவுதான். பூட்டு கையுறையை மறுபடி மாட்டினார். அதே பையன் இந்த முறை ஓடிவந்து மூலையைப் பார்த்து ஓங்கி அடித்தான். பூட்டு பறந்து போய் விரல் நுனியால் அதை வெளியே தள்ளினார். அதன் பிறகு ஒரு பந்தும் உள்ளே போகவில்லை. சிரிப்பு ஒவ்வொன்றாக அடங்கியது. கடைசியில் அடிக்கிறவர்கள்தான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அப்போது காவலாளி இன்னும் இரண்டு பேரோடு வந்து எங்களை மரியாதையாக வெளியே கொண்டுபோய் விட்டார். அவர்மேல் குறையில்லை, அவர் வேலை அது.

திரும்பும் வழியில் சிக்னலில் நிற்கும்போது பார்த்தால் பூட்டின் கையில் இன்னும் கையுறை. "ஐயையோ, திருப்பிக் கொடுக்கணும் மேடம்" என்று பதறினார். "வெச்சிருங்க. மறுபடி உள்ள போக ஒரு காரணம் வேணும்ல" என்றேன்.

நான் கண்ணை மூடிக்கொண்டு எல்லோரையும் சிபாரிசு செய்கிறேன் என்று நினைக்க வேண்டாம். இவர்களைப் பார்த்து நாலாவதாக ஒரு முன்கள ஆட்டக்காரரும் என்னிடம் வந்தார், அவரும் எந்த அணியிலும் இல்லாதவர்தான். இரண்டு வண்டி நிறுத்தும் இடத்தில் குறுக்கே நிறுத்துகிறார், கண்ணாடியில் தன் தலைமுடியைத் தவிர வேறெதையும் பார்ப்பதில்லை, இடித்தால் தெருவைக் குறை சொல்கிறார். அவர் உங்களைத் தேடி வந்தால் நீங்கள் உண்மையாகவே வெளியூர் போய்விடுங்கள்.

என் மூன்று பேருக்கும் குறை இல்லாமல் இல்லை. பூட்டுக்கு வயதாகிறது, மழை நாளில் முழங்கால் வலிக்கிறது. சைரனால் வேகமாக ஓட முடியாது. தும்பி ஓடினால் எங்கே நிற்பான் என்று அவனுக்கே தெரியாது. இருக்கட்டும். இருப்பவர்களை வைத்து நீங்கள் ஓட்டுகிற அழகைத்தான் வாரா வாரம் பார்க்கிறேனே. எனக்குப் பந்தாட்டத்தின் நுணுக்கம் தெரியாது, ஆஃப்சைடு என்பது என்னவென்று என் மகள் நாலைந்து முறை விளக்கியும் புரியவில்லை. ஆனால் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பார்த்தவள் நான். விழுந்த பிறகு இவர்கள் எழுந்து நிற்கிறார்கள். உங்களுக்கு இப்போது வேண்டியது அப்படிப்பட்ட ஆட்கள்தான், என் மகளுக்கும் அப்படிப்பட்ட வீட்டுக்காரர்தான் வேண்டும்.

ஆகையால் என் முடிவைத் தெளிவாக எழுதிவிடுகிறேன். செவ்வாய்க்கிழமை மறுபடி வருவேன். கேட்டை மூடினால் கேட்டுக்கு எதிரிலேயே என் புது மாணவர்களுக்குப் பாடம் நடத்துவேன். அன்றைக்கு ஹார்ன் பாடம். புதன்கிழமையும் வருவேன். நீங்கள் மூன்று பேரையும் எடுத்துக்கொள்ளும்வரை வருவேன். இதில் மாமியார் மாப்பிள்ளை என்ற மரியாதைக்கு ஒரு குறையும் வராது, ஒவ்வொரு நாளும் கும்பிட்டுவிட்டுத்தான் ஆரம்பிப்பேன்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். ஒரு ஆட்டத்தில் தோற்றதற்காக ராத்திரிச் சாப்பாட்டைத் தள்ள வேண்டாம், அப்படிப் பார்த்தால் இந்த வருடம் நீங்கள் சாப்பிட்டிருக்கவே முடியாது. நீங்களும் என் மகளும் நோய்நொடி இல்லாமல், மனக்கசப்பு இல்லாமல், முடிந்தவரை கோல் வாங்காமல் நெடுங்காலம் நன்றாக இருக்க வேண்டும் என்று மனதார வாழ்த்தும்,

உங்கள் அன்புள்ள மாமியார்.

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது என் மகள் போன் செய்தாள். இன்று காலை உங்களை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்களாமே. நீங்கள் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பதாகச் சொன்னாள். அவளைத் தேற்றி போனை வைத்தேன், உடனே பூட்டு கூப்பிட்டார். உங்கள் இடத்துக்கு வந்திருக்கும் புது ஆளிடம் அந்தக் கோல்கீப்பர் பயிற்சியாளர் சொல்லியிருக்கிறார். மூன்று பேரையும் சீசன் முடியும்வரை எடுத்துக்கொள்கிறார்களாம், நாளைக் காலை வரச் சொல்லியிருக்கிறார்களாம். "மேடம், உங்க மாப்பிள்ளையை அனுப்பிட்டு எங்களைக் கூப்பிடறாங்க. வேண்டாம்னு சொல்லுங்க, நாங்க போகல" என்றார். பின்னால் சைரன், "போகல! போகல!" என்று கத்துவது கேட்டது. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன், மாப்பிள்ளை. அப்புறம், "போங்க. நேரத்துக்குப் போங்க" என்று சொல்லிவிட்டேன். நீங்களாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஆகையால் மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடுங்கள், நீங்கள் யாரையும் எடுக்க வேண்டியதில்லை. இப்போது நம் பக்கத்தில் எந்த அணியிலும் இல்லாதவர் நீங்கள் ஒருவர்தான். பக்கத்து ஊர் அணியின் தலைவி அம்மாளுக்கு உங்களைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். பொறுமைசாலி, வீண் பேச்சு பேசாதவர், நல்ல குடும்பம் என்று இதுவரை எழுதியிருக்கிறேன், மற்றதை யோசித்துக்கொண்டிருக்கிறேன். திங்கட்கிழமை காலை ஷேவ் செய்துகொண்டு, அந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் நில்லுங்கள், நான் வந்து கூட்டிப்போகிறேன். அங்கே அவர்கள் என்ன கேட்டாலும் நீங்கள் வாயைத் திறக்க வேண்டாம். பேச வேண்டியதை நான் பேசிக்கொள்கிறேன்.